மானியம் கைக்கு வராது: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு

போன வருஷம் ஆடி மாதம் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஓர் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மார்த்தாண்டத்தில் கணக்கு எழுதுவதும், வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுப்பதும் என் தொழில். அவர் வீட்டு அடுக்களையில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டுப் பத்துப் பன்னிரண்டு கடைகளுக்குப் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர். கைபேசியைத் திறந்து ஒரு கடிதத்தைக் காட்டினார். மேலே அசோகச் சின்னம், பக்கத்தில் பிரதமர் படம், நடுவில் அவர் பெயரும் ஆதார் எண்ணும். 'ரூ.10,00,000 ஒப்புதல் ஆகிவிட்டது, இதில் ரூ.5,00,000 திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை' என்று ஒரு வரி. கீழே வட்ட முத்திரை.

"முதல்ல 1,850 கட்டினேன், பொறவு 4,500, நேத்து சாயங்காலம் 12,000. இப்போ ஜிஎஸ்டிக்கு 22,000 கேக்கான். அதயும் கட்டினா சனிக்கிழமை பணம் ஏறிரும்ணு சொல்லுதான். கட்டலாமா தம்பி?"

கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'அன்பே விண்ணப்பதாரர்' என்று தொடங்கியது. ஒரு வங்கியின் பெயரும் ஒரு அமைச்சகத்தின் பெயரும் ஒரே தலைப்பில் ஒட்டப்பட்டிருந்தன. பணம் போன மூன்று யுபிஐ கணக்குகளும் மூன்று வெவ்வேறு ஆட்களின் பெயரில் இருந்தன. கட்டாதீர்கள் என்று சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. "அப்போ கெவர்மென்ட் மானியம்ணு ஒண்ணு கெடையவே கெடையாதா?" என்று கேட்டார்.

இருக்கிறது. உண்மையான மானியம் இருப்பதால்தான் இந்தப் பொய்யும் விலைபோகிறது. அது எந்த வழியாக வரும் என்று தெரியாத இடத்தில்தான் ஏமாற்றுகிறவன் நுழைகிறான். அன்று அவரிடம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: பணம் வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிறுதொழிலுக்கு அரசு தரும் மானியத்தில் பெரும்பகுதி கடனோடு சேர்ந்தது. முதலில் ஒரு வங்கி உங்கள் தொழிலைப் பார்த்து, திருப்பிக் கட்டுவீர்கள் என்று நம்பி, கடன் தர ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் கைப்பணமாக ஒரு பங்கை நீங்கள் போட வேண்டும். கடன் வழங்கிய பிறகு மானியத் தொகையை அரசு வங்கிக்கு அனுப்பும். அப்போதும் அது உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வராது.

பிஎம்இஜிபி என்று எல்லோரும் சொல்லும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2008-லிருந்து நடக்கிறது. அதில் மானியத்தை வங்கி உங்கள் பெயரில் மூன்று வருஷத்துக்கு வைப்பாக வைக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதே அளவு கடன் தொகைக்கு உங்களிடமும் வட்டி வாங்கமாட்டார்கள். மூன்று வருஷம் முடிந்து, தொழில் உண்மையிலேயே நடக்கிறதா என்று நேரில் வந்து சரிபார்த்த பிறகுதான் அந்தத் தொகை கடனில் கழியும். இடையில் கடையைப் பூட்டிவிட்டுப் போனால் மானியம் அரசுக்கே திரும்பிவிடும்.

இந்த ஒரு விஷயம் மனசில் பதிந்துவிட்டால் பாதிப் பொய்கள் தாமாக உதிர்ந்துவிடும். 'மானியம் மட்டும் வாங்கித் தருகிறேன், கடன் வேண்டாம்' என்கிறவர், 'சனிக்கிழமை உங்கள் கணக்கில் ஏறும்' என்கிறவர், 'முதலில் மானியம், அப்புறம் கடன்' என்கிறவர், மூவர் சொல்வதுமே நடக்காத காரியம்.

கடனே இல்லாத நிதி அறவே இல்லையா என்றால், உண்டு. புதுக் கண்டுபிடிப்போடு வரும் ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்கு ஆதார நிதி தருகிறார்கள். தமிழக அரசின் டான்சீட் நிதி அப்படிப்பட்டது. அதற்கும் பதிலாக நிறுவனத்தில் ஒரு சிறு பங்கை எழுதிக் கொடுக்க வேண்டும், போட்டியில் தேர்வாக வேண்டும். டீக்கடைக்கும் தையல் கடைக்கும் அந்த வழி பொருந்தாது.

முத்ரா விஷயத்திலும் குழப்பம் அதிகம். 2015-ல் தொடங்கிய முத்ரா முழுக்க முழுக்கக் கடன். சிசு என்ற பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை. முத்ராவில் மானியம் என்ற பேச்சே கிடையாது. அக்காவின் கைபேசியில் இருந்தது போன்ற போலி முத்ரா கடிதங்களைப் பற்றி மத்திய அரசின் செய்தித் தகவல் அலுவலகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. விண்ணப்பம் வங்கிக்குத்தான் போகும், ஏஜென்ட் யாரும் இல்லை.

இரண்டாம் படி: உங்கள் தொகையை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

அந்த அக்காவுக்கு ஒரு துண்டுத்தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இது. சிப்ஸ் யூனிட்டுக்கு மொத்தச் செலவு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பிஎம்இஜிபியில், 2022-ல் திருத்திய விதிப்படி, உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் சிறப்புப் பிரிவு. அவர்களுக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம் மானியம். கைப்பணம் 5 சதவீதம். பொதுப் பிரிவினருக்குக் கிராமத்தில் 25, நகரத்தில் 15, கைப்பணம் 10.

அக்காவின் இடம் கிராமக் கணக்கில் வந்தால், கைப்பணம் 50,000. வங்கிக் கடன் 9.5 லட்சம். மானியம் 3.5 லட்சம், வைப்பில். உண்மையில் அவர் அடைக்க வேண்டியது 6 லட்சமும் வட்டியும். 11 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை 10,000 ரூபாய்க்குச் சற்று மேலே. மானியத்தை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு, இந்தப் பத்தாயிரம் மாதாமாதம் சிப்ஸிலிருந்து வருமா என்று பாருங்கள் என்றேன். காயின் விலை, எண்ணெய், கேஸ், பாக்கெட், கடைக்காரர் கமிஷன், விற்காமல் திரும்பி வரும் பாக்கெட் என்று அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அதுவரை '5 லட்சம் இலவசம்' என்ற ஒரே எண்ணில் நின்ற பேச்சு அப்போதுதான் தொழில் பேச்சாக மாறியது.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல்

ஏஜென்ட்கள் வாயில் எப்போதும் '35 சதவீதம்' தான். ஆனால் குமரி மாவட்டத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் நகர்ப்புறக் கணக்கில் வருகிறார்கள். வீட்டைச் சுற்றி ரப்பரும் வாழையும் மரச்சீனியும் நின்றாலும் இடம் பேரூராட்சியாக இருக்கும். அப்படி ஐம்பதை ஒட்டிய பேரூராட்சிகள் இங்கே உண்டு. பிஎம்இஜிபியின் திருத்திய விதியில் ஊராட்சி அமைப்பின் கீழ் வருவது கிராமம், நகராட்சி அமைப்பின் கீழ் வருவது நகரம். நம் கண்ணுக்குக் கிராமமாகத் தெரிவது காகிதத்தில் நகரமாக இருக்கலாம். 10 லட்சத் திட்டத்தில் அது 1 லட்ச ரூபாய் வித்தியாசம்.

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ஊராட்சி என்று இருக்கிறதா, பேரூராட்சி என்று இருக்கிறதா? தொழில் நடக்கப்போகும் இடத்தின் ரசீது முக்கியம், நீங்கள் குடியிருக்கும் வீட்டுடையது அல்ல. இந்தக் கேள்வியையே கேட்காமல் 35 என்று அடித்துச் சொல்கிற ஏஜென்ட் உங்கள் கணக்கைப் பார்க்கவே இல்லை.

மூன்றாம் படி: எந்தத் திட்டம் உங்களுக்கு

எல்லாவற்றையும் இங்கே விளக்க முடியாது. புதிதாக வருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

பிஎம்இஜிபியில் முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டுமே. ஏற்கெனவே நடக்கும் தொழிலைப் புதிது என்று காட்டச் சொன்னால் கேட்காதீர்கள். சிலர் 'முதலில் உத்யம் சான்றிதழ் (சிறுதொழில் என்று மத்திய அரசில் பதிந்ததற்கான சான்று) எடுத்துவிடலாம்' என்று அவசரப்படுத்திக் காசு வாங்குவார்கள். அதில் தொழில் தொடங்கிய தேதி பழையதாக ஏறிவிட்டால், பிறகு பிஎம்இஜிபியில் 'இது பழைய யூனிட்' என்று கேள்வி வரும்.

தின்பண்டம், ஊறுகாய், தேன், மீன் பதப்படுத்தல், முந்திரி, மரச்சீனி மாவு போன்றவற்றுக்கு 2020-ல் வந்த பிஎம்எஃப்எம்இ, அதாவது குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டம் இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் தொழிலை விரிவாக்கவும் அதில் இடமுண்டு. மானியம் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், கைப்பணம் குறைந்தது 10 சதவீதம். கிராமம், நகரம் என்ற பிரிவினை இதில் இல்லாதது நம் மாவட்டத்துக்கு நல்லது. விண்ணப்பம் போட உதவ மாவட்ட அளவில் ஆட்கள் உண்டு, அவர்களுக்கு அரசே ஊதியம் கொடுக்கிறது. அவர்கள் உங்களிடம் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. இதுவும் பிஎம்இஜிபியும் 2025–26 நிதியாண்டு வரைக்கென ஒப்புதல் பெற்றவை. நீங்கள் போகும் நேரத்தில் என்ன நிலவரம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்துபோன திட்டத்தின் பெயரைச் சொல்லிக் காசு பறிப்பதும் நடக்கிறது.

தமிழக அரசின் திட்டங்கள் வேறு. யுஒய்இஜிபி வேலையில்லா இளைஞர்களுக்கு: 15 லட்சம் வரை திட்டம், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 3.75 லட்சம். நீட்ஸ் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு: 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை, 25 சதவீத மானியத்தோடு 3 சதவீத வட்டிச் சலுகை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்: 35 சதவீதம், அதோடு வட்டிச் சலுகை. வடசேரி கோயில் நகை வேலை, மர வேலை, மண்பாண்டம் போலக் கைத்தொழில் செய்கிறவர்கள் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கேளுங்கள்: 35 வயது ஆகியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம், 50,000-க்கு மிகாத மானியம். கடற்கரை ஊர்க்காரர்கள் மீன்சார்ந்த தொழிலுக்கு மீன்வளத் துறையிலேயே விசாரிப்பது நல்லது.

மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைச் சொல்லி 'கருவிக்கு 15,000 இலவசம்' என்று கைவினைஞர்களிடம் பதிவுக் கட்டணம் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தத் திட்டத்தை அப்போதிருந்த வடிவில் ஏற்க முடியாது என்று தமிழக முதல்வர் 2024 நவம்பரில் மத்திய அமைச்சருக்கு எழுதிவிட்டார். மாநிலத்தில் நடக்காத ஒன்றுக்கு இங்கே கட்டணம் வசூலானது.

நான்காம் படி: கோணத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள்

நாகர்கோவில் கோணத்தில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். 'அந்த அலைச்சல் எதுக்கு, நான் பாத்துக்கிடுதேன்' என்று ஏஜென்ட் சொல்வதும் அதை வைத்துத்தான். இருந்தாலும் போங்கள். அந்த ஒரு நாளில் மூன்று விஷயம் தெளிவாகும்: உங்கள் தொழிலுக்கு எந்தத் திட்டம் பொருந்தும், இந்த வருஷம் அது திறந்திருக்கிறதா, உங்கள் இடம் கிராமமா நகரமா.

போகும்போது தொழில் யோசனையை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். என்ன பொருள், மாதம் எவ்வளவு, யாருக்கு விற்பது, என்ன இயந்திரம், இப்போது கையில் எவ்வளவு. எந்தத் திட்டத்தில் அதிக மானியம் என்று முதல் வாயிலேயே கேட்காதீர்கள். இந்தத் தொழிலைச் செய்யப்போகிறேன், எது பொருந்தும் என்று கேட்டால் கிடைக்கிற பதிலே வேறாக இருக்கும்.

தொழில் பழக வேண்டுமென்றால் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் உண்டு, பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. 'மானியம் கிடைக்க எங்கள் சான்றிதழ் வேண்டும்' என்று 5,000, 8,000 வாங்குகிற தனியார் வகுப்புகளுக்குப் போகும் முன் அரசுப் பயிற்சியை விசாரியுங்கள்.

ஐந்தாம் படி: எதற்குக் காசு, எதற்குக் காசில்லை

பிஎம்இஜிபி விண்ணப்பம் போடக் கட்டணம் இல்லை. திட்டத்தை வாங்கித்தர எந்தத் தனியாரையும் இடைத்தரகரையும் நியமிக்கவில்லை என்று அதை நடத்தும் கதர் கிராமத் தொழில் ஆணையம் தன் இணையதளத்திலேயே சொல்லியிருக்கிறது. உத்யம் பதிவு இலவசம், ஆதார், பான் எண்களும் ஓடிபியும் போதும், காகிதம் எதுவும் ஏற்ற வேண்டாம். ஒருமுறை எடுத்தால் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியதும் இல்லை. 'உங்கள் உத்யம் காலாவதியாகிறது, 1,499 கட்டுங்கள்' என்று வரும் குறுஞ்செய்தி பொய். ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. கூகுளில் தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்கள் அரசுத் தளம் போலவே மூவர்ணத்தில் இருக்கும். முகவரியில் தளத்தின் பெயர், அதாவது முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன் வரும் பகுதி, 'ஜிஓவி புள்ளி இன்' (gov.in) அல்லது 'என்ஐசி புள்ளி இன்' (nic.in) என்று முடிகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அந்தச் சொற்கள் பெயரின் நடுவில் வந்துவிட்டு, பெயர் வேறு எதிலாவது முடிந்தால் அது அரசுத் தளம் இல்லை.

உண்மையில் காசு செலவாகும் இடங்களும் உண்டு. திட்ட அறிக்கை தயாரிக்க எங்களைப் போன்றவர்கள் கூலி வாங்குகிறோம். அது எங்கள் உழைப்புக்கான கூலி, கடன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே தொகை, ரசீது கொடுப்போம். சிறு தொகைக்கு அதுகூடத் தேவையில்லை, மாதிரி அறிக்கைகளைப் பார்த்து நீங்களே எழுதலாம், தொழில் மையத்திலும் கேட்கலாம். 'மானியத்தில் 10 சதவீதம் எனக்கு' என்று எந்தக் கணக்கரோ ஆலோசகரோ கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மானியம் உங்கள் கைக்கே வராதபோது அதில் பத்து சதவீதத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள்? கடன் பணத்திலிருந்துதான்.

ஆறாம் படி: வங்கி

இங்கேதான் பலர் சோர்ந்துபோய் ஏஜென்ட் கையில் விழுகிறார்கள். போவதற்கு முன் உங்கள் சிபில் அறிக்கையை, அதாவது உங்கள் பெயரில் உள்ள கடன்களையும் அவற்றை அடைத்த விதத்தையும் காட்டும் பதிவை, எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இதில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. கருங்கல் பக்கத்தில் ஒரு பெண், 'அரசு மானியம்' என்று சொல்லி ஊரில் இருபது பேரிடம் ஆதாரும் கையெழுத்தும் கைரேகையும் வாங்கிய ஒருவரை நம்பியிருந்தார். ஒரு வருஷம் கழித்துத் தையல் இயந்திரத்துக்கு வங்கிக் கடன் கேட்டபோது, அவர் பெயரில் 40,000 ரூபாய் நுண்கடன் ஒன்று தவணை தவறிக் கிடப்பது தெரிந்தது. கொடுத்தவர் தெரிந்தவர், சொந்தக்காரர் வழி, குழுத் தலைவி என்பதெல்லாம் காப்பாற்றாது. எந்தக் காகிதத்தில் கைரேகை வைக்கிறோம் என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வையுங்கள்.

சிறுதொழில் கடனில் 10 லட்சம் வரை (2026 ஏப்ரலிலிருந்து 20 லட்சம் வரை) சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. விண்ணப்பத்துக்கு ஒப்புகை வாங்குங்கள். வங்கியிடம் எழுதிக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணமில்லை. மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. முன்னோடி வங்கி மேலாளரையும் பார்க்கலாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். இந்த வழி மெதுவானதுதான். எனக்குத் தெரிந்து நியாயமான விண்ணப்பங்கள் மூன்று, நான்கு மாதம்கூட இழுத்திருக்கின்றன. அந்தக் காத்திருப்பில் வரும் எரிச்சல்தான் தரகரின் முதலீடு.

கொட்டேஷன் வலை

போன் மோசடியைவிட எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். காரணம், இதில் வருகிறவர் நேரில் வருகிறார், நல்ல சட்டை போட்டிருக்கிறார், உண்மையான இயந்திரமும் வைத்திருக்கிறார்.

அவர் பேச்சு இப்படிப் போகும்: "நீங்க ஒரு பைசா போடாண்டாம். மெஷின் 6 லட்சம். நான் 10 லட்சத்துக்குக் கொட்டேஷன் தாறேன். உங்க பங்கு 50,000-த்த நானே போடுதேன். லோன் வந்ததும் 1.5 லட்சம் கையில தாறேன். மானியம் 3.5 லட்சம். மெஷின் சும்மா கெடச்ச மாதிரி."

கணக்கைப் போடுவோம். வங்கி கொடுக்கிற 9.5 லட்சம் விற்பனையாளருக்கு நேரே போகிறது. 6 லட்சம் இயந்திரம், 1.5 லட்சம் உங்களுக்கு, மீதி 2 லட்சம் அவருக்கு. எல்லாம் அவர் சொன்னபடியே நடந்து மானியமும் கழிந்துவிட்டது என்று வைத்தாலும் நீங்கள் அடைக்க வேண்டியது 6 லட்சம், அதில் கைக்கு வந்த 1.5 லட்சத்தைக் கழித்தால் 4.5 லட்சம். நேர்மையாக 6 லட்சத்துக்கே திட்டம் போட்டிருந்தால்? கைப்பணம் 30,000, மானியம் 2.1 லட்சம், அடைக்க வேண்டியது 3.6 லட்சம். கைப்பணத்தையும் சேர்த்து 3.9 லட்சம்தான். 'சும்மா' கிடைத்த இயந்திரத்துக்கு நீங்கள் 60,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள், அதிகக் கடனுக்கான வட்டி தனி.

அதுவும் எல்லாம் நன்றாக நடந்தால். சரிபார்க்க வருகிறவர் இயந்திரத்தின் உண்மை விலையைக் கண்டுபிடித்தால் மானியம் ரத்தாகும், 9.5 லட்சமும் உங்கள் தலையில். பொய்யான கொட்டேஷன் கொடுத்து வங்கியை ஏமாற்றிய வழக்கில் முதல் பெயர் கடன் வாங்கியவருடையது. கையெழுத்து உங்களுடையது அல்லவா?

ஆகவே ஒரே இயந்திரத்துக்கு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒன்றாவது மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். அதே இயந்திரத்தை ஏற்கெனவே ஓட்டுகிற ஒருவரிடம் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேளுங்கள். நம் ஊரில் இதைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை.

போன் வந்தால்

நீங்கள் விண்ணப்பிக்காத கடனுக்கு ஒப்புதல் வராது. விண்ணப்பித்திருந்தால், எந்த வங்கி, எந்தக் கிளை என்று கேட்டுவிட்டு வையுங்கள். மறுநாள் அந்தக் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள். விண்ணப்ப எண்ணை அவரிடம் வாங்காதீர்கள், அரசுத் தளத்தில் நீங்களே போட்டு நிலையைப் பாருங்கள். 'இன்று மாலைக்குள்' என்று அவசரப்படுத்துவது எந்த அரசு அலுவலகத்தின் பழக்கமும் இல்லை. தனி ஆள் பெயரில் இருக்கும் யுபிஐ எண்ணுக்கு எந்த அரசுக் கட்டணமும் போகாது. வாட்ஸ்அப்பில் 'திட்ட ஆப்' என்று வரும் ஏபிகே கோப்பை நிறுவாதீர்கள், திரையைப் பகிரச் சொல்லும் செயலியையும் ஏற்றாதீர்கள். பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் 'மானியம் வாங்க' என்று கேட்டால் உங்கள் கணக்கை வேறு மோசடிப் பணம் கடத்தப் பயன்படுத்தப்போகிறார்கள். பிறகு போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பணம் போய்விட்டால்

உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் போக்கிவிடாதீர்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தேதி, நேரம், தொகை நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் பதிந்து எண்ணை வாங்குங்கள். உங்கள் வங்கிக் கிளையிலும் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அந்தக் கடிதம், குரல் பதிவு, எண் எல்லாம் சாட்சி. சில நாளில் 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று வேறொருவர் அழைப்பார். அதற்கும் முன்பணம் கேட்பார். அது அதே கும்பலின் அடுத்த சுற்று.

அந்த அக்கா எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே 1930-க்குப் பேசினார். முந்தின நாள் போட்ட 12,000-ல் 7,400 ரூபாய் அந்தக் கணக்கிலேயே முடக்கப்பட்டது. அது திரும்பி வர நாலு மாதம் ஆனது. முதல் இரண்டு தொகையும் போனது போனதுதான்.

அவர் பிறகு நேரே கோணத்துக்குப் போனார். அவர் இடம் பேரூராட்சியில் வருகிறது, தொழிலும் ஏற்கெனவே நடப்பது என்பதால் உணவு பதப்படுத்தும் திட்டத்தில் போடச் சொன்னார்கள். 10 லட்சம் வேண்டாம் என்று அவரே குறைத்து, சீவும் இயந்திரம், பெரிய வறுக்கும் சட்டி, பாக்கெட் ஒட்டும் இயந்திரம் என்று 4.2 லட்சத்துக்கு வந்து நின்றார். கைப்பணத்துக்கு ஒரு சீட்டை எடுத்தார். தை மாதம் வங்கி மேலாளர் வீட்டுக்கு வந்தார். அடுக்களையில் நின்று, அடுப்பையும் அடுக்கியிருந்த காய்க்குலைகளையும் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, எண்ணெய் டின் இப்போது என்ன விலை என்பது. போன மாத விலை, இந்த மாத விலை, இரண்டையும் அக்கா சொன்னார்.